படகு திருத்தும் கொட்டில்களையும் தொழிற்சாலைகளாகக் கணக்கில் எடுங்கள்

யாழ்ப்பாண மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர் அவர்களுக்கும், கரையோரப் பிரிவுகளின் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகத்தினருக்கும்,

மதிப்புக்குரியவர்களே,

குருநகர், பாசையூர், நாவாந்துறை, காரைநகர், ஊர்காவற்றுறை, மயிலிட்டி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்று எங்கள் கரையோரம் முழுவதும் படகும் எஞ்சினும் திருத்தும் கொட்டில்கள் இருக்கின்றன. சிலவற்றுக்குப் பெயர்ப்பலகை உண்டு. பலவற்றுக்கு அதுவும் இல்லை. நான்கு இரும்புக் குழாய்கள், மேலே தகரம், ஒரு வெல்டிங் இயந்திரம், இரண்டு கிரைண்டர்கள், குந்தியிருக்க ஒரு வாங்கு, இவ்வளவுதான் முதலீடு. கடலுக்குப் போகிறவர் எதிர்கொள்ளும் ஆபத்து எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் திரும்பி வராவிட்டால் ஊரே கரையில் கூடும். அவருடைய படகைத் திருத்திக் கொடுக்கிறவர் கரையில் நின்றபடியே காதை இழப்பதையும் நெஞ்சில் புகை சேர்ப்பதையும் எவரும் எழுதி வைப்பதில்லை. அவர்களுடைய காதும் நுரையீரலும் இரத்தமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்கும் பொறுப்பு உங்கள் மூன்று தரப்பினருக்கும் உண்டு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். தொழிற்பயிற்சி நிலையமொன்றில் உலோகவேலை கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் வெல்டிங் பழகியவர்களில் பலர் இன்று இந்தக் கொட்டில்களில்தான் நிற்கிறார்கள்.

முதலில் சட்டத்தைப் பேசிவிடுவோம். "இவை தொழிற்சாலைகள் அல்லவே, சின்னக் கடைகள்தானே" என்ற பதிலை அலுவலகங்களில் பலமுறை கேட்டாயிற்று. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், கட்டடத்தின் பருமனை வைத்துத் தொழிற்சாலையை வரையறுக்கவில்லை. ஆட்களை வேலைக்கு அமர்த்தி, இலாபம் கருதி, கையுழைப்பால் ஒரு பொருளைச் செய்யும் இடம் மட்டுமன்றி, அதை மாற்றியமைக்கும் இடமும் திருத்தும் இடமும் அந்த வரைவிலக்கணத்துக்குள் வருகின்றன. கடற்கலங்களைக் கட்டுகின்ற, திருத்துகின்ற முற்றங்கள் அங்கே தனியாகவும் சொல்லப்பட்டிருக்கின்றன. எனவே நான்கு குழாயும் தகரமும் கொண்ட அந்தக் கொட்டில், சம்பளத்துக்கு ஒருவரை வைத்திருக்கும் வரை, சட்டத்தின் பார்வையில் தொழிற்சாலைதான். பதிவு, காற்றோட்டம், தூசும் புகையும் அகற்றல், கண் பாதுகாப்பு ஆகிய கடமைகள் அதன் உரிமையாளருக்கு உண்டு. அவற்றைப் பார்வையிடும் கடமை பரிசோதனைப் பொறியியலாளருக்கு உண்டு. நடைமுறையில், பதிவுப் பத்திரம் எங்கே என்று கேட்டால் உள்ளூராட்சி சபை தந்த வியாபார அனுமதிப்பத்திரத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அதைச் சட்டத்தை மீறும் எண்ணத்தோடு செய்வதாக நான் நினைக்கவில்லை. அவர்களிடம் எவரும் போய்ச் சொல்லவில்லை என்பதே உண்மை.

இனிச் சத்தத்துக்கு வருகிறேன். தொழில்சார் சுகாதாரத் துறையில் பரவலாகக் கைக்கொள்ளப்படும் கணக்கின்படி, 85 டெசிபெல் சத்தத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் நிற்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும்: 88 இல் 4 மணித்தியாலம், 91 இல் 2 மணித்தியாலம், 94 இல் 1 மணித்தியாலம். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம் மாத்திரம். கையில் பிடிக்கும் கிரைண்டர் இரும்பைத் தொடும்போது எழும் சத்தம் பெரும்பாலும் 95 இலிருந்து 105 வரை இருக்கும். தடித்த தகட்டைச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்தும்போது கணநேர உச்சம் அதையும் தாண்டும். கிரைண்டர் பிடிப்பவரின் காது கருவியிலிருந்து இரண்டு முழத்துக்குள் இருக்கிறது. தகரக் கூரையும் பக்கத் தகரமும் சத்தத்தை வெளியே விடாமல் திருப்பி அடிக்கின்றன. பழைய கிடுகுக் கொட்டில் இந்த விடயத்தில் தகரத்தை விட மேலானது. ஆனால் வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் கிடுகு கட்டச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆக, காலை தேநீருக்கு முன்னரே அந்த மனிதர் தம் காதுக்கு உரிய நாள் முழுவதுக்குமான பங்கைச் செலவழித்துவிடுகிறார்.

இப்படி வரும் கேள்விக்குறைவு வலிப்பதில்லை. அதுவே அதன் பெரிய தீமை. உட்காதிலுள்ள மயிர்க்கலங்கள் ஒருமுறை இறந்தால் மீண்டும் முளைப்பதில்லை, மருந்தும் சத்திரசிகிச்சையும் அவற்றைத் திருப்பித் தருவதில்லை. முதலில் பழுதாவது 4000 ஹேர்ட்ஸ் அளவிலான உயர்ந்த சுருதி. அதனால் பாதிக்கப்பட்டவருக்குப் பேச்சுக் கேட்கும், ஆனால் சொல் பிரியாது. பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் முதலில் மங்கும். கூட்டத்தில் ஒதுங்கி நிற்பார், தொலைபேசியை ஒரே காதில்தான் வைப்பார், தொலைக்காட்சியின் சத்தத்தை வீட்டார் குறைக்கக் குறைக்கக் கூட்டுவார். இரவில் படுத்தால் காதுக்குள் சில்வண்டு கத்துவதாகச் சொல்வார். இவற்றையெல்லாம் வயது என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள், அவருக்கு முப்பத்தைந்து வயதாக இருந்தாலும் கூட. (திருவிழாக் காலத்து ஒலிபெருக்கிகளும் இதில் பங்குதாரர்கள்தான்; அதற்கு வேறொரு மடல் எழுத வேண்டும்.)

எஞ்சின் திருத்துகிறவருக்கு இந்த இழப்பு மற்றவர்களை விட இரட்டிப்பானது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். டீசல் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் ஒரு நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பனரைத் தொடுவதில்லை. ஓடவிட்டுக் கேட்பார். தேவையானால் நீண்ட இஸ்குறூட்ரைவரின் நுனியை எஞ்சின் உடலில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்பார். இன்ஜெக்டர் தட்டும் சத்தமா, பெயாரிங் தேய்ந்து சீறும் சத்தமா, வால்வ் இடைவெளி கூடிய சத்தமா என்று அவர் பிரித்தறிவது அப்படித்தான். தேயத் தொடங்கிய பெயாரிங்கின் மெல்லிய சீறல் எந்தச் சுருதியில் எழுகிறதோ, அந்தச் சுருதியைத்தான் கிரைண்டர் முதலில் அழித்துவிடுகிறது. ஆண்டாண்டாகச் சேர்த்த கைத்திறன் அப்படியே இருக்க, அதைப் பயன்படுத்தும் வாசல் அடைபட்டுப் போகிறது. அதன் பின் அவர் ஊகத்தில் எஞ்சினைப் பிரிக்கிறார். பிழைத்தால் நடுக்கடலில் எஞ்சின் நிற்கிறது. கரையிலே ஒருவர் இழந்த செவிப்புலன் கடலிலே மூவரின் உயிரோடு தொடர்புபடுவது இந்த வழியில்தான். கூட்டுறவுச் சங்க நிர்வாகத்தினர் இந்த ஒரு பந்தியையாவது தம் உறுப்பினர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உலோகங்களின் கதை இதை விடச் சிக்கலானது, ஏனெனில் அவை கண்ணுக்குப் படுவதில்லை. ஒரு காலத்தில் எங்கள் படகுகள் மரத்தால் ஆனவை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓடிப்போனதை நாங்கள் இன்றும் பெருமையோடு சொல்கிறோம். அதைக் கட்டியவர்களுக்கு வாச்சியும் உளியும் தந்த காயங்கள் வெளியே தெரிந்தன. பின்னர் நோர்வே உதவியோடு காரைநகரில் சீநோர் என்ற படகு கட்டும் நிறுவனம் வந்தது, கண்ணாடியிழைப் படகு வந்தது, வெளியிணைப்பு எஞ்சின் வந்தது. கைவினை மாறியது, அதன் நோய்களும் மாறின. இன்றைய கொட்டிலில் ஒருவரே காலையில் இரும்புச் சட்டத்தை ஒட்டுகிறார், மதியத்தில் வெண்கலப் புரொப்பலரைத் தேய்க்கிறார், மாலையில் படகின் அடியிலுள்ள பழைய பூச்சைச் சுரண்டுகிறார். ஒவ்வொன்றிலும் அவர் சுவாசிப்பது வேறு வேறு உலோகம்.

நாக (சிங்க்) முலாம் பூசிய குழாயை வெல்டிங் செய்தால் எழும் வெண்புகை நாக ஒட்சைட்டு. அதை நிறைய உள்ளிழுத்தவருக்குச் சில மணித்தியாலங்கள் கழித்து, பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ, குளிரும் காய்ச்சலும் உடம்பு உளைச்சலும் வாயில் இனிப்பும் உலோகமும் கலந்த ஒரு சுவையும் வரும். ஓரிரு நாளில் தானாகவே போய்விடும். தொடர்ந்து வேலை செய்தால் உடம்பு அதற்குத் தற்காலிகமாகப் பழகிக்கொள்ளும். ஞாயிறு ஓய்வெடுத்துத் திங்கள் திரும்பும்போது அந்தப் பழக்கம் போயிருக்கும், காய்ச்சல் மறுபடி வரும். "திங்கட்கிழமைதான் எனக்கு ஒத்துவராத நாள்" என்று என் பழைய மாணவர் ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னதன் பொருள் இதுதான். மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது இந்தக் காய்ச்சலை டெங்கு என்று பயப்படுவதும், மறுவளமாக, டெங்குக் காய்ச்சலை வெல்டிங் காய்ச்சல் என்று நினைத்து வீட்டிலேயே படுத்திருப்பதும் நடக்கக்கூடியவை, இரண்டாவது உயிராபத்தானது. காய்ச்சலோடு வருகிற கரையோர ஆண் ஒருவரிடம் "நேற்று என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்பதற்கு வைத்தியருக்கு அரை நிமிடம் போதும்.

நாகப் புகை வந்துபோகும் விருந்தாளி என்றால், மற்றவை தங்கிவிடுகிறவை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எனப்படும் கறையில் உருக்கை ஒட்டும்போது குரோமியத்தின் ஆறு வலுவளவு வடிவமும் நிக்கலும் புகையில் இருக்கும். இரண்டும் புற்றுநோய் உண்டாக்குபவை. சாதாரண இரும்பு வெல்டிங் கம்பிகளின் புகையில் மங்கனீசு உண்டு. அது நீண்டகாலத்தில் மூளையைத் தாக்கி, நடுக்கத்தையும் நடை தளர்வையும் தரவல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2017 இல் வெல்டிங் புகையை, எந்த உலோகத்தினது என்ற வேறுபாடின்றி, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதலாவது வகுப்பில் சேர்த்தது. படகடியில் பூசும் பாசி எதிர்ப்புப் பூச்சுகளில் செம்பு ஒட்சைட்டு நிறைய இருக்கிறது. இவற்றில் ஒரு காலத்தில் கலந்த ஒருவகை வெள்ளீயச் (tin) சேர்வை உலகளாவிய உடன்படிக்கையால் 2008 முதல் தடைசெய்யப்பட்டது. ஆனால் பழைய படகின் அடிப்பூச்சில் எந்தக் காலத்துப் படை இருக்கிறது என்பதைச் சுரண்டுகிறவரால் சொல்ல முடியாது. கண்ணாடியிழை வேலையிலும் உலோகம் உண்டு: பிசினை விரைவாக இறுகச் செய்யக் கலக்கும் ஊதாநிறத் திரவம் கோபால்ட் சேர்வை. அது தோலில் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தரக்கூடும். அதையும், பிசினை இறுகவைக்கும் ஹாட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். இரண்டு போத்தல்களும் பல கொட்டில்களில் ஒரே தட்டில், சில இடங்களில் லேபல் உரிந்து, பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் கூடிய கவலை ஈயம் பற்றியது. வலைக்குப் போடும் ஈயக் குண்டுகளைக் கடையில் வாங்காமல் தாங்களே வார்த்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் கரையில் உண்டு. எஞ்சின் கொட்டிலில் நெருப்பும் இடுக்கியும் இருப்பதால் அந்த வேலை அங்கேயே வந்து சேர்கிறது. பழைய பற்றரியிலிருந்து எடுத்த தட்டுகளையும் கிழிந்த வலைகளிலிருந்து கழற்றிய குண்டுகளையும் ஒரு பழைய தாச்சியில் போட்டு, கீழே விறகும் சிரட்டையும் எரிப்பார்கள். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகிவிடும், அதனால் வேலை இலகுவாகத் தெரியும். விறகு மூண்டு எரியும்போது வெப்பம் அதற்கு வெகு மேலே போகும். போகப் போக ஈயப் புகை கூடும். மேலே மிதக்கும் சாம்பல்நிறக் கசட்டை ஒரு கரண்டியால் வழித்து நிலத்தில் தட்டுவார்கள். அது காய்ந்து மாவாகிக் காலில் ஒட்டும், சறத்தில் ஒட்டும், வீட்டு முற்றத்துக்குப் போகும். தாச்சிக்கு அருகில் பிளேன்டீக் கோப்பை இருக்கும். மதியம் சோற்றுப் பார்சலைப் பிரித்து, கையைத் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுச் சாப்பிடுவார்கள். சவர்க்காரம் இல்லாமல் அலசினால் ஈயத் தூசு விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் அப்படியே இருக்கும். நாங்கள் கையால் பிசைந்து உண்கிறவர்கள்.

ஈயம் இரத்தத்தில் ஏறியதும் அங்கேயே நிற்பதில்லை. எலும்பில் போய்ப் பல்லாண்டுகள் குடியிருந்து, சிறிது சிறிதாக மறுபடியும் இரத்தத்துக்கு வரும். இரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பைத் தளர்த்தும், விந்தணுவைப் பாதிக்கும். பெரியவர்களை விடச் சிறுவர்களின் உடல் கூடிய பங்கை உறிஞ்சும், அவர்களுடைய மூளை வளர்ச்சியைக் குறைக்கும். சிறுவர்களைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தகப்பனின் சறத்தை வீட்டு உடுப்புகளோடு ஒன்றாகத் தோய்ப்பதும், வேலை முடிந்து வந்தவுடன் பிள்ளையைத் தூக்குவதும் அன்பின் காரியங்கள். அதனால்தான் இந்த வேலையை வீட்டாரின் பிரச்சினையாகவும் சுகாதார வைத்திய அதிகாரிகள் பார்க்க வேண்டும் என்கிறேன். வாழைப்பழம் சாப்பிட்டால் தூசு இறங்கிவிடும், பால் குடித்தால் ஈயம் முறியும் என்ற நம்பிக்கைகள் கொட்டில்தோறும் இருக்கின்றன. வாழைப்பழம் இரைப்பைக்குப் போகிறது, தூசு நுரையீரலுக்குப் போகிறது. நல்ல உணவு ஈயம் உறிஞ்சப்படுவதை ஓரளவு குறைக்கும் என்பது உண்மை, ஆனால் புகைக்குள் நிற்பதற்கு அது உரிமம் அல்ல.

இவை தனித்தனியாக வருவதும் இல்லை. ஈயமும், கண்ணாடியிழைப் பிசினில் ஆவியாகும் ஸ்டைரீனும், தின்னரில் உள்ள தொலுயீனும் தாமாகவே செவிப்புலனைக் கெடுக்கக்கூடியவை. சத்தத்தோடு சேரும்போது சேதம் கூடும். ஆகவே 85 டெசிபெல் என்ற கணக்கு, சத்தம் மட்டும் உள்ள ஒரு தூய்மையான இடத்துக்குத்தான் பொருந்தும். எங்கள் கொட்டில் அப்படிப்பட்ட இடமன்று.

"பாதுகாப்புக் கவசம் போட்டால் தீர்ந்தது" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. சித்திரை வைகாசி வெய்யிலில் தகரக் கூரைக்குக் கீழே இறுக்கமான முகக்கவசத்தை ஒரு மணித்தியாலம் போட்டு நின்று பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். முகத்தில் துவாயைச் சுற்றிக்கொள்கிறார்கள். துவாய் பெரிய தூசைத் தடுக்கும், புகையைத் தடுக்காது. கொவிட் காலத்து மெல்லிய நீல முகமூடியும் அப்படியே. காதில் பஞ்சு அடைப்பதால் பெரிய பயன் எதுவுமில்லை. ஆகவே கவசத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, முதலில் இடத்தையும் முறையையும் மாற்ற வேண்டும். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பழைய பூச்சைக் காய்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் தெளித்து ஈரத்தில் தேய்த்தால் தூசு எழுவது வெகுவாகக் குறையும். மின்சாரக் கருவியோடு தண்ணீரைச் சேர்க்காமல் கைத்தாளால் செய்ய வேண்டும் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். முலாம் பூசிய குழாயை ஒட்டுமுன் ஒட்டும் இடத்து முலாமை அகற்றலாம். தகட்டை அடிக்கும்போது கீழே தடித்த இறப்பரும் மேலே ஒரு மணல்மூட்டையும் வைத்தால் அதன் முழக்கம் அடங்கும். எஞ்சினைச் சோதிக்க ஓட்டும்போது புகைக்குழாயை ஒரு சைலன்சரோடு கொட்டிலுக்கு வெளியே நீட்டலாம். சோளகத்துக்கும் (தென்மேற்குக் காற்றுக் காலம்) வாடைக்கும் (வடகீழ்க் காற்றுக் காலம்) காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பது எங்கள் ஆட்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை; வெல்டிங் மேசையைக் காற்றின் போக்கில் மற்றவர்களுக்குக் கீழ்ப்புறமாக, காற்று பக்கவாட்டாகக் கடந்து போகும்படி வைக்க மட்டும் பழக வேண்டும். ஈயம் வார்ப்பதைக் கொட்டிலிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் முற்றாக வெளியேற்ற வேண்டும். சாப்பிடும் இடத்தில் ஒரு குழாயும் சவர்க்காரமும், வேலை உடுப்பை மாற்ற ஒரு மறைப்பும் வேண்டும். இவை அமைந்த பிறகு, கிரைண்டர் பிடிக்கும் நேரத்துக்கு மாத்திரம் காதுறை என்றால் அது அணியப்படும்.

இதற்கெல்லாம் யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதிலிருந்து படகு வைத்திருப்பவரின் கையில் காசு இல்லை. புதிய பாகம் வாங்க வேண்டிய இடத்தில் பழையதையே ஒட்டி, தேய்த்து, மறுபடி ஒட்டித் தரச் சொல்கிறார். கொட்டில்காரர் கொந்தராத்தில் வாங்கி நாட்கூலிக்கு ஆள் பிடிக்கிறார். தனியொரு கொட்டில்காரர் காதுறையின் விலையைக் கட்டணத்தில் சேர்த்தால் வேலை அடுத்த கொட்டிலுக்குப் போய்விடும் என்ற அவருடைய பயம் நியாயமானது. இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடியவை கூட்டுறவுச் சங்கங்கள்தாம். வலையையும் எஞ்சின் எண்ணெயையும் மொத்தமாக வாங்கத் தெரிந்த சங்கங்களுக்குக் காதுறையையும் புகை வடிகட்டும் முகக்கவசத்தையும் மொத்தமாக வாங்குவது புதிய வேலையல்ல. வார்த்த குண்டையே வாங்கித் தருவோம், உருக்கும் வேலையைக் கரையில் விட மாட்டோம் என்று சங்கங்கள் தீர்மானித்தால் நான் மேலே சொன்ன தாச்சி ஒரு பருவத்துக்குள் காணாமல் போகும்.

தொழில் திணைக்களத்திடம் நான் கேட்பது தண்டனை அல்ல. பரிசோதகர் வந்தால் கொட்டிலைப் பூட்டிவிடுவார் என்ற அச்சம் பரவினால் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு இன்னும் மோசமான காற்றில் வேலை செய்வார்கள். முதலாவது வருகை பதிவுக்கும் அளவீட்டுக்கும் ஆலோசனைக்கும் மட்டும் என்று வெளிப்படையாக அறிவியுங்கள். 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகத்தை ஒலிமானியோடும் காற்று மாதிரி எடுக்கும் கருவியோடும் வடக்குக்கு அழையுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் கிளிநொச்சியிலுள்ள பொறியியல் பீடமும் இங்கேயே இருக்கின்றன. மாணவர்களின் ஆய்வுக்கு இதைவிடப் பயனுள்ள களம் குடாநாட்டில் அதிகமில்லை. ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும் என்பது என் நிலைப்பாடு: வேலை பழக வரும் பதினெட்டு வயது நிரம்பாத பொடியன்கள். 2021 இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் கூடாது. ஈயமும் வெல்டிங் புகையும் நூறு டெசிபெல் சத்தமும் உள்ள இடம் ஆபத்தானதா என்று விவாதிக்க என்ன இருக்கிறது?

சுகாதார வைத்திய அதிகாரிகளிடம் கேட்பதும் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தேநீர்க்கடைகளைப் பார்வையிடும் அதே ஒழுங்கோடு தங்கள் பிரிவிலுள்ள கொட்டில்களையும் பட்டியலிடட்டும். இந்தத் தொழிலாளர்களுக்குக் கேள்விச் சோதனை செய்து, பழுதுள்ளவர்களை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பும் வழி ஒன்று வேண்டும். வேலைக்குச் சேர்ந்தவுடன் ஒரு சோதனையும் அதன் பின் ஆண்டுக்கொரு சோதனையும் இருந்தால்தான் எது தொழிலால் வந்தது என்று காட்ட முடியும். சத்தத்தில் நின்று வந்த அதே நாளில் சோதித்தால் தற்காலிக மந்தத்தையும் சேர்த்து அளந்துவிடுவோம். காலையில், வேலைக்குப் போகுமுன் சோதியுங்கள். ஈயம் கையாள்பவர்களுக்கும் அவர்களுடைய வீட்டுச் சிறுவர்களுக்கும் இரத்தத்தில் ஈயத்தின் அளவு பார்க்கப்பட வேண்டும். தொழிற்சாலையில் ஏற்பட்ட ஈய நஞ்சேற்றத்தைக் காணும் மருத்துவர் அதை அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. கொட்டிலைத் தொழிற்சாலையாகப் பதியாதவரை அந்த அறிவித்தல் எங்கே போய்ச் சேரும்? 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்தோடு தொழில்நோயையும் கருதுகிறது. நாட்கூலிக்காரருக்கு அந்தச் சட்டம் எட்ட வேண்டுமானால் அவர் எங்கே, எவரிடம், எத்தனை காலம் வேலை செய்தார் என்பதற்கு ஒரு வரியாவது எழுத்தில் இருக்க வேண்டும். எல்லாம் பதிவேட்டில்தான் வந்து முட்டுகின்றன.

மயிலிட்டியைப் பற்றியும் ஒரு சொல். 1990 இல் மக்கள் வெளியேறி, 2017 இல் விடுவிக்கப்பட்ட அந்தத் துறைமுகம் கட்டங்கட்டமாகப் புனரமைக்கப்படுகிறது. படகு ஏற்றித் திருத்தும் இடத்தின் வரைபடத்தில் பூச்சுச் சுரண்டுவதற்குத் தனியான, கழிவுநீர் கடலுக்குப் போகாத தளம், புகை உறிஞ்சும் வெல்டிங் மேசை, கைகழுவவும் உடுப்பு மாற்றவும் ஓர் அறை ஆகியவை இருக்கின்றனவா என்று தொழில் திணைக்களம் இப்போதே கேட்க வேண்டும். கொங்கிறீற் போட்ட பின் கேட்பதால் பயனில்லை.

வாடை தொடங்கியதும் வடகரைப் படகுகள் கரையேறும், கொட்டில்களில் வேலை குவியும். முதலாவது சுற்றுப் பார்வை அதற்கு முன் நடந்தால் பேச ஆட்களுக்கு நேரம் இருக்கும். அளவீட்டை வேலை குவிந்த பின் செய்தால் உண்மையான சத்தம் பதிவாகும். இரண்டு வருகைகள் தேவைப்படுவதன் காரணம் அதுவே. காலை பத்து மணிக்குப் பிறகு வாருங்கள், அப்போதுதான் எல்லாக் கருவிகளும் ஓடும். கொட்டில்களுக்கு அழைத்துச் செல்லவும், வேலை செய்கிறவர்களோடு அவர்களுடைய பேச்சில் கதைக்கவும் நானும் என் பழைய மாணவர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். திகதியை மட்டும் அறியத் தாருங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உலோகவேலைப் போதனாசிரியர்,
யாழ்ப்பாணம்.